தலைகுந்தா தாண்டி வந்த கருகல் வாசம்

அக்கா,

இன்று காலை நடுவட்டம் பஸ் நிறுத்தத்தில் குளிர் காய மூட்டிய நெருப்பில் யாரோ ஒரு பழைய சணல் சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பனியில் நனைந்த சாக்கு. எரியாமல் புகைந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கையிலிருந்த டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடிப்போய் என் காரின் பானெட்டைத் திறந்தேன். காரை நேற்று சாயங்காலம் நிறுத்தியதோடு சரி, ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. உள்ளே எல்லாம் ஜில்லென்று கிடந்தது. வாடகைக்கு நின்றிருந்த ஜீப்காரர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். "ஏனுங்க, நெருப்பு இங்க எரியுது, நீங்க அங்க போய்த் தேடறீங்களே" என்றார் ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனாலும் ரேடியேட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் பானெட்டை மூடினேன்.

நீங்கள் போன பிறகு வருகிற முதல் உறைபனிக் காலம் இது. உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே இருந்தது. போய்ச் சேர்ந்தவருக்குக் கடிதம் எழுதுகிறாள், இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஜீப் ஸ்டாண்டில் ஏற்கெனவே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நமக்குள் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. எஸ்டேட் லைனில் அடுத்தடுத்த வீடு, ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிப்ட், அவ்வளவுதான். நான் வேலையை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டக் கிளம்பியபோது லைனே வாயைப் பிளந்தது. நீங்கள் மட்டும் முதல் சவாரியாக வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கூடலூர் சந்தைக்கு விடச் சொன்னீர்கள். சந்தையில் ஒன்றும் வாங்கவில்லை. சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் என் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

உங்கள் மூக்கைப் பற்றி லைனில் ஒரு பயமே உண்டு. யார் வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள், யார் வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, எந்த வீட்டு ஆம்பிளை பீடியை விட்டுவிட்டேன் என்று பெண்டாட்டியிடம் பொய் சொல்லித் திரிகிறார் என்பதையெல்லாம் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவீர்கள். அதனால் இரண்டு வீட்டில் சண்டையே வந்திருக்கிறது. இந்த மூக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள், அப்போதுதான் காரில் ஏற்றுவேன் என்று கிண்டல் செய்வேன். பிறகு அந்த மூக்கிலேயே குழாய் மாட்ட வேண்டி வந்தது. நுரையீரல் சுருங்கிப் போயிருக்கிறது, இனி ஆக்சிஜன் இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொன்னார். நுரையீரல் சுருங்குமா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும்? கம்பளியை வெந்நீரில் நனைத்தால் சுருங்கும் என்பது வரைக்கும்தான் தெரியும்.

போன தை மாதம் ஊட்டி ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மிஷின் ஒன்றை உங்கள் மகன் கோயமுத்தூரிலிருந்து கொண்டு வந்தான். அதற்கு வயரிங் சரி பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே நடுவட்டத்துக்குப் போய்விட்டான். உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால் நான் காந்தலில் என் தங்கை வீட்டில் தங்கினேன்.

காந்தல் பள்ளத்தில் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் கார் கூரையெல்லாம் உப்பைக் கொட்டியது போல் இருக்கும். என் பழைய வண்டி அந்தக் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். அதற்காக எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். படுக்கப் போகும் முன் ஒரு பழைய கம்பளியை எஞ்சின்மேல் போர்த்தி, பானெட்டை மூடி, ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டிவிட்டேன். ஸ்டியரிங்கில் துணி தொங்கினால் உள்ளே போர்வை இருக்கிறது, எடுக்காமல் ஸ்டார்ட் செய்யாதே என்று அர்த்தம். எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். காலையில் இருட்டு விலகும் முன்பே எழுந்து, கம்பளியை இழுத்து எடுத்து டிக்கியில் போட்டு, துணியை அவிழ்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். இதைச் சத்தியம் செய்து சொல்வேன். இரவுக் குளிரில் எனக்கு மூக்கு முழுக்க அடைத்துவிட்டது. குடித்தது காபியா, வெந்நீரா என்று கூடத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சிலிண்டரைக் கொண்டு வந்து வைத்தவர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். வீடு போய்ச் சேர்வதற்கும் மேலே கொஞ்சம் காற்று இருக்கும், அதனால் வழியில் எங்கேயும் நிறுத்தி நேரத்தைப் போக்கக் கூடாது. இது ஒன்று. "அப்பறம் பக்கத்துல நெருப்பே ஆகாதுங்க. பீடி பத்த வைக்கறவங்களைக் கூட அண்ட விடாதீங்க." இது இரண்டாவது. சரி என்று தலையை ஆட்டினேன். சிலிண்டர் உருண்டுவிடக் கூடாது என்று ஒரு பழைய சேலைத் துண்டால் முன்சீட்டின் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். நீங்கள் இரண்டு தலையணைக்கு நடுவில் சாய்ந்துகொண்டு, நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்து, "என்ன அம்மிணி, மாட்டையா கட்டறே" என்றீர்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

தலைகுந்தா தாண்டி பைன் மரங்களுக்குள் நுழைந்ததும்தான் நீங்கள் முதலில் சொன்னீர்கள். "எதோ தீயுது."

தோட்டத்தில் யாராவது சருகு கொளுத்துவார்கள் என்றேன். பனிக்காலத்தில் அது சகஜம்தானே. ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவு போனது. மறுபடியும் சொன்னீர்கள். "சருகு இல்ல. நம்ம கூடவே வருது."

எனக்கு எந்த வாசமும் வரவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், புகை இல்லை. எஞ்சின் சூடு காட்டுகிற முள் ஒழுங்காக நடுவில் நின்றது. எந்தச் சிவப்பு விளக்கும் எரியவில்லை. பின்சீட்டில் சிலிண்டர், அதைக் கட்டிக்கொண்டு நீங்கள். சும்மா ஒரு சவாரியாக இருந்தால் எங்காவது நிறுத்தி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, சாவகாசமாகப் பார்த்திருப்பேன். அன்றைக்கு நிறுத்தினால் காற்று குறையும், நிறுத்தாமல் போனால் நெருப்பு வருமோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருந்தால் சூடாகிக் கருகும், கீழ்நாட்டிலிருந்து வரும் கார்கள் எல்லாம் அப்படித்தான் நாறும். நான் கியரில்தான் இறங்குவேன், இருந்தாலும் சந்தேகம். ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் இறங்கி, நான்கு சக்கரத்தின் பக்கமும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வழக்கமான சூடுதான். ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்திருக்குமோ என்று வண்டியை லேசாக உருட்டிப் பார்த்தேன். தடையில்லாமல் உருண்டது. மறுபடி ஏறி ஓட்டினேன். திரும்பி ஊட்டிக்கே போய்விடலாமா என்று கேட்டதற்கு நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போக மாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும்.

பைக்காரா ஏற்றத்தில் உள்ளே காற்று வரும் ஃபேனை நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தினேன். வாசம் குறைகிறது என்றீர்கள். மறுபடி போட்டேன். கூடுகிறது என்றீர்கள். அப்படியென்றால் சக்கரப் பக்கமிருந்து வரவில்லை, எஞ்சின் பக்கமிருந்துதான் வருகிறது. இந்த அளவுக்கு வந்ததே எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. ஏற்றத்து வளைவுகளில் ஓரம் கட்டி பானெட்டைத் திறக்க இடமில்லை, அதற்குள் எது தீய்கிறது என்று தெரிய வேண்டும். கிளட்ச் தேய்ந்தால் ஒரு வாசம், ஆயில் சொட்டினால் ஒரு வாசம், வயர் உருகினால் இன்னொரு வாசம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிற மாதிரி ஒவ்வொன்றும் வேறு. எனக்கோ மூக்கு செத்துக் கிடக்கிறது. உங்கள் மூக்கிலோ குழாய்.

அப்போதுதான் நீங்கள் குழாயைக் கழற்றினீர்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு நான் கத்தினேன். "குழாய வச்சுக்கிட்டு எப்படி மோந்து பாக்கறது" என்றீர்கள். ஒரு மூச்சு மோந்து பார்த்துவிட்டு மாட்டிக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினீர்கள்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. நான் கேட்பேன், நீங்கள் குழாயை எடுத்து மோப்பம் பிடித்து, பதில் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வீர்கள். முடி பொசுங்குகிற மாதிரியா? இல்லை. வடைச் சட்டியில் எண்ணெய் கருகுகிற மாதிரியா? இல்லை. பிளாஸ்டிக் வாளி உருகினால் மூக்கை அரிக்குமே, அப்படியா? அதுவும் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. போதும் அக்கா, விடுங்கள் என்றேன். நீங்கள் விடவில்லை. கடைசியாக ஒரு தடவை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்.

"சாக்கு அம்மிணி. சணல் சாக்கு தீயற வாசம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சாக்கே போடவில்லை, கம்பளிதான் போட்டேன், அதையும் என் கையாலேயே எடுத்துவிட்டேன், டிக்கியில் கிடக்கிறது என்று படபடவென்று சொன்னேன். கம்பளி தீய்ந்தால் முடி பொசுங்குகிற வாசம்தான் வரும், அது இல்லை என்று நீங்களேதான் சொன்னீர்கள் என்று வாதாடினேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தூங்கிவிட்டீர்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "நீ போடலைன்னா, வேற ஆரோ போட்டிருக்காங்க" என்றீர்கள்.

யார் போடுவார்கள்? கேட்ட மாத்திரத்தில் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. என் தங்கை வீட்டுக்காரர். நல்ல மனுஷன், உதவி செய்யாமல் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. நான் படுத்த பிறகு வெளியே வந்து பார்த்திருப்பார். காந்தல் பனிக்கு இந்த ஒரு கம்பளி எந்த மூலைக்கு என்று தேயிலைக் கொழுந்து கட்டும் சணல் சாக்கு ஒன்றை எடுத்து ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கீழே திணித்துவிட்டு, கம்பளியைச் சரியாகப் போர்த்திவிட்டுப் போயிருப்பார். ஸ்டியரிங்கில்தான் ஏற்கெனவே துணி கட்டியிருக்கிறதே, இன்னொன்று எதற்கு? போர்வை இரண்டு, துணி ஒன்று. காலையில் நான் எழுந்தபோது அவர் முதல் பஸ் பிடித்து வேலைக்குப் போயிருந்தார். இருட்டில் கம்பளியை மட்டும் உருவி எடுத்துவிட்டு, நான் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

பைக்காராவைத் தாண்டி, மரம் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பானெட்டின் விளிம்பிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை கிளம்பியது. இந்தத் தடவை என் கண்ணுக்கே தெரிந்தது. சோலை ஓரமாக அகலமான ஒரு இடத்தில் வண்டியை ஒதுக்கி எஞ்சினை அணைத்தேன். போனில் சிக்னல் இல்லை. உங்களிடம் திரும்பி, குழாயை மாட்டிக்கொண்டு அசையாமல் இருங்கள், இதோ வருகிறேன் என்றேன். "போ, போய்ப் பாரு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றீர்கள்.

பானெட்டைக் கொஞ்சமாகத் தூக்கியதும் புகை முகத்தில் அடித்தது. கீழே, எஞ்சினிலிருந்து சைலன்சர் கிளம்பும் குழாயின்மேல் சாக்கு சரிந்து கிடந்தது. ஓரமெல்லாம் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. முழுக்கத் திறந்தால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும். திறக்காமல் எடுக்கவும் முடியாது. டிக்கிக்கு ஓடி ஜாக்கிக் கம்பியையும் அந்தக் கம்பளியையும் எடுத்து வந்தேன். சாலை ஓரத்து ஓடையில் கம்பளியை முக்கித் தோளில் போட்டுக்கொண்டு திறந்தேன். நினைத்த மாதிரியே குப்பென்று பிடித்தது. கம்பியால் குத்தி இழுத்தால் பாதி சாக்கு வந்தது, பாதி குழாயோடு ஒட்டிக்கொண்டது. வந்ததை ஓடையில் எறிந்துவிட்டு, மிச்சத்தின்மேல் ஈரக் கம்பளியைப் போட்டு அழுத்தினேன். கை சுட்டது. நாம் வழியில் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரையும் ஊற்றினேன். ஒரு சுற்றுலாக் கார் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. அப்பாடா என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஒட்டியிருந்த கடைசித் துண்டு வரைக்கும் சுரண்டி எடுத்தேன். ஒரு வயரின் மேல்தோல் உருகியிருந்தது. உள்ளே கம்பி அறுபடவில்லை என்று பார்த்து டேப் சுற்றினேன். தண்ணீர்க் குழாய்கள் கெட்டியாகத்தான் இருந்தன. இவ்வளவையும் செய்யும் வரைக்கும் தூக்கி நிறுத்திய பானெட் எனக்கும் உங்களுக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நடுவில் ஒரு தடவை 'அக்கா' என்று கூப்பிட்டேன். 'ம்' என்று ஒரு சத்தம் வந்தது, அல்லது வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பானெட்டை இறக்கியதும் பின்கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தேன். சிலிண்டர் வண்டியில் இல்லை. நல்ல தூரத்தில், புல் சரிவுக்குக் கீழே கிடந்தது. சேலைத் துண்டு அவிழ்ந்து சீட்டில் தொங்கியது. நான் மாட்டைக் கட்டுகிற மாதிரி போட்ட முடிச்சை எந்த விரலால் அவிழ்த்தீர்கள், எப்படி இறக்கினீர்கள், கதவோரத்திலிருந்து சரிவில் உருட்டிவிட எங்கிருந்து பலம் வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நீங்கள் மட்டும் வண்டிக்குள்ளேயே, சீட்டில் ஒருக்களித்துச் சரிந்து கிடந்தீர்கள். குழாய் மூக்கில் இல்லை. உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தன.

நான் அழவில்லை. அழ நேரமில்லை. உங்களை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன். சிலிண்டர் கிடந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்து உங்களை மடியில் சாய்த்து, குழாயை மூக்கில் வைத்து, சிலிண்டரின் வாயைத் திறந்தேன். அது இறுக்கி மூடப்பட்டிருந்தது. உஸ்ஸென்று காற்று வந்தது. நீங்கள் இழுக்கவில்லை. மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தால் மூச்சுப் படுகிறதா, குளிர்காற்றுப் படுகிறதா என்று தெரியவில்லை. அக்கா, அக்கா என்று கன்னத்தைத் தட்டினேன். சாலையில் ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. கோவிலுக்கு வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. உங்கள் சுண்டுவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மட்டும்தான் உலகத்தில் இருந்தது.

முதலில் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. பிறகு ஒரு இருமல். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நகத்தில் நீலம் குறைந்தது. கண்ணைத் திறந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி சாக்கு அணைந்துவிட்டதா என்பது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களை அங்கேயே சரிவில் உருட்டிவிடலாம் போல் இருந்தது. ஏன் மூடினீர்கள், ஏன் அதைத் தூக்கினீர்கள் என்று கத்தினேன். சாக்கு என்று தெரிந்த உடனேயே மூடிவிட்டேன், நெருப்பு ஆகாதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே என்றீர்கள். அதாவது நான் கம்பளியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோதே உங்களுக்குக் காற்று இல்லை. எனக்கு ஒண்ணுமில்ல என்று என்னை அனுப்பியபோதும் இல்லை.

இறக்குகிற பலம் இருந்ததல்லவா, அந்தப் பலத்தில் நீங்கள் இறங்கியிருக்கலாமே, அந்த இரும்பைப் போய் எதற்கு இறக்கினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காற்றை இழுத்துவிட்டுத்தான் உங்களால் பதில் சொல்ல முடிந்தது.

"ஒண்ணைத்தான் எறக்க முடியும்னு தெரிஞ்சுது அம்மிணி. அது வெடிச்சா, முன்னால நிக்கறவ நீ."

உங்களைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சிலிண்டரை எடுக்கத் திரும்பி வந்தேன். குனிந்து தூக்கியபோதுதான் தெரிந்தது, அது உங்களைவிடக் கனமாக இருந்தது.

மிச்ச தூரத்தைக் காற்று தீர்ந்துவிடுமோ என்ற பயத்தோடு ஓட்டினேன். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது டி.ஆர். பஜார் தாண்டிக்கொண்டிருந்தோம். லைன் வாசலில் உங்கள் மகன் நின்றிருந்தான். மிஷின் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. தாமதம் ஏன் என்று கேட்டதற்கு, நான் வாயைத் திறக்கும் முன் நீங்களே, இவ வழியில டீ குடிக்க நின்னுட்டா என்று சொல்லிவிட்டீர்கள். அவன் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கெட்ட பெயரை நான் இன்றுவரை சுமக்கிறேன். அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. என் தங்கை வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் சோறு இறங்காமல் கிடப்பார்.

அதற்குப் பிறகு நீங்கள் ஆடி மழை வரைக்கும் இருந்தீர்கள். சன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, குழாயைக் கழற்றி யார் வீட்டில் என்ன குழம்பு என்று மோந்து பார்த்து, மருமகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு. நான் கூடலூருக்கு ஒரு குடும்பத்தை இறக்கிவிடப் போயிருந்த மத்தியானத்தில் போய்விட்டீர்கள். நான் வந்து சேர்ந்தபோது நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். குழாயை எடுத்திருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் அது பதிந்த தடம் மட்டும் இருந்தது. அன்றைக்கு அழுதேன், எல்லோரும் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

இதுவரை உங்களிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் திருப்பூர் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, நான் வண்டி ஓட்டிய விதம் உங்களுக்குத் தெரியாது. சவாரி ஏறினால் ஒழுங்காக ஓட்டுவேன். காலி வண்டியில் தனியாகத் திரும்பும்போது அப்படியில்லை. மூடுபனியில் கை நீட்டினால் கை தெரியாது, நான் ஆக்ஸிலேட்டரை விடமாட்டேன். போனால் போகட்டும், யாருக்கு நஷ்டம் என்றுதான் இருந்தது. சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. என்னைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள ஒரு காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது காலி வண்டியில் கிளம்பும்போதும் சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறேன், அக்கா. முன்பு போலீஸைக் கண்டால்தான் போடுவேன். வளைவில் ஹாரன் அடிக்கிறேன், பனி இறங்கினால் ஓரம் கட்டி நிறுத்தி, விலகும் வரைக்கும் காத்திருக்கிறேன். ஜீப்காரர்கள் இவளுக்கு வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்கிறார்கள். பயம்தான். மூச்சே இல்லாத ஒருத்தி தன்னை விட்டுவிட்டு அந்த இரும்பை இறக்கி என்னைக் கரை சேர்த்திருக்கிறாள். அந்த உயிரை நான் ஒரு வளைவில் தொலைத்துவிட்டு வந்து நின்றால், உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?